ஒரே ரத்தம், இரண்டு ரிப்போர்ட்



நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தே தலை நரைத்தவன். இந்தத் தொழிலில் இருப்பவனைக் கல்யாண வீட்டில் கண்டால் ஜனங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், ஒரே காலையில ரெண்டு லேப்ல ரத்தம் குடுத்தேன். ஒண்ணுல சுகர் 118, இன்னொண்ணுல 127. எது சரி?" தீர்ப்பையும் அவர் கையோடு கொண்டுவந்திருப்பார்: இரண்டில் ஒருவன் ஏமாற்றுகிறான். "இரண்டுமே சரியாக இருக்கலாம்" என்று நான் சொன்னால் என்னையும் அந்தக் கும்பலோடு சேர்த்துவிடுவார். பந்தியில் உட்கார்ந்துகொண்டு விளக்கிச் சொல்லக்கூடிய சங்கதி இல்லை இது. இன்று மேடையும் மைக்கும் கிடைத்திருப்பதால் இதையே பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் ரத்தத்தை ஓரமாக வைப்போம். ரத்தம் உயிருள்ள சரக்கு. அதில் ஆயிரம் சிக்கல். எஃகை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வாஷிங்டனில், எடைகளுக்கும் அளவுகளுக்கும் பொறுப்பான அரசுத் தர அலுவலகத்துக்கு 1940 வாக்கில் ஒரு 10 கிராம் எடைக்கல் வந்து சேர்ந்தது. குரோமியம் கலந்த எஃகு. என்பி 10 என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வாரம் ஒருமுறை அதை எடுத்து நிறுப்பது வழக்கம். அதே அறை, அதே தராசு, பழகிய ஆட்கள், ஒரே செய்முறை. அறையின் வெப்பமும் காற்றழுத்தமும்கூடக் கணக்கில் இருந்தன. எஃகு வாரத்துக்கு வாரம் இளைக்கவோ பருக்கவோ போவதில்லை. ஆனாலும் எண் ஒவ்வொரு முறையும் வேறாகத்தான் வந்தது.

1960-களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட 100 அளவீடுகளின் பட்டியல் புள்ளியியல் மாணவர்களிடையே பிரபலம். அந்தக் கல் 10 கிராமுக்குச் சராசரியாக 405 மைக்ரோகிராம் குறைவு. அது பெரிய விஷயமில்லை. செய்தவன் கொஞ்சம் கூடுதலாக ராவிவிட்டான், அவ்வளவே. கவனிக்க வேண்டியது அடுத்தடுத்த எண்களை: 409 குறைவு, 400 குறைவு, பிறகு 406, 399, 402. இப்படியே ஆடிக்கொண்டு போகிறது. ஆட்டத்தின் அளவு, அதாவது நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் போட்டுப் பழகும் திட்ட விலக்கம், 6 மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம் என்பதை நினைவில் வையுங்கள். உலகத்திலேயே சிறந்த தராசுக் கூடங்களில் ஒன்றில், அசையாத ஒரு பொருளை நிறுத்தபோது கிடைத்த ஆட்டம் இது. ஆட்டமே இல்லாத அளவீடு எங்காவது உண்டா என்று யாராவது கேட்டால் இந்தப் பட்டியலைக் காட்டிவிடுவேன்.

அந்த நூறில் ஒருமுறை 437 வந்திருக்கிறது, ஒருமுறை 375. கூட்டத்தில் ஒட்டாத எண்கள். நம் ஊர் லேப் என்றால் இரண்டையும் அடித்துவிட்டு மறுபடி நிறுத்திருப்பார்கள். வாஷிங்டன்காரர்கள் அழிக்கவில்லை. தராசுத் தட்டில் தூசி விழுந்ததை ஒருவர் பார்த்திருந்தால், பார்த்தபோதே குறித்திருந்தால், அந்த எண்ணை நீக்க நியாயம் இருக்கிறது. எண் பிடிக்கவில்லை என்பது நியாயமாகாது. ஒட்டாதவற்றை நீக்கிக் கணக்குப் போட்டால் திட்ட விலக்கம் 6 என்பது 4-ஆகக் குறைந்துவிடும். தராசு அப்படியே இருக்க, காகிதத்தில் மட்டும் அது இன்னும் நல்ல தராசாகிவிடும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, யாருக்கு லாபம் என்று தோன்றலாம். ரேலி பிரபுவின் கதையைச் சொல்கிறேன். 1890-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அவர் நைட்ரஜன் வாயுவை ஒரு கண்ணாடிக் குடுவையில் அடைத்து நிறுத்துக்கொண்டிருந்தார். காற்றிலிருந்து ஆக்ஸிஜனை நீக்கிவிட்டுக் கிடைத்த நைட்ரஜன் 2.310 கிராம் வந்தது. வேதிப்பொருள்களிலிருந்து தயாரித்த நைட்ரஜன், அதே குடுவையில், 2.299 கிராம். வித்தியாசம் 11 மில்லிகிராம். 200-இல் 1 பங்கு. திரும்பத் திரும்ப நிறுத்தார். காற்று நைட்ரஜனின் எண்கள் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிகிராம்கூட விலகவில்லை. மற்றதன் எண்கள் மூன்று நான்கு மில்லிகிராம் ஆடின. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று தொடவே இல்லை. தன் கை எவ்வளவு ஆடும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால், இந்த 11 மில்லிகிராம் தன் கையாட்டம் இல்லை என்று அடித்துச் சொல்ல முடிந்தது. காற்றில் வேறு ஏதோ இருக்கிறது என்று பிடித்துக்கொண்டு, வில்லியம் ராம்சேயும் அவரும் 1894-இல் ஆர்கானை அறிவித்தார்கள். நாம் மூச்சு விடும் காற்றில் கிட்டத்தட்ட 1 விழுக்காடு அதுதான். 1904-இல் இருவருக்கும் நோபல் பரிசு, ஒருவருக்கு இயற்பியலில், மற்றவருக்கு வேதியியலில். ரேலியின் கை 20 மில்லிகிராம் ஆடியிருந்தால் இந்த வித்தியாசம் அந்த ஆட்டத்துக்குள் மூழ்கிப் போயிருக்கும்.

இனி நம் லேபுக்கு வருவோம். அங்கே இந்த ஆட்டம் எங்கிருந்து பிறக்கிறது? முதல் இடம் கட்டைவிரல்.

பைப்பெட் பார்த்திருப்பீர்கள். கைக்குள் பிடித்து, தலையில் உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கி, துளி திரவத்தை உறிஞ்சி இன்னொரு குழாயில் விடும் கருவி. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுத்த வேலை, 100 மைக்ரோலிட்டர் பைப்பெட்டால் வாலை வடிநீரை எடுத்து நுண்தராசில் விட்டு நிறுப்பது. பத்து முறை. ஒரு மைக்ரோலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் என்பதால் விடை உடனே தெரிந்துவிடும். பொத்தானைச் சட்டென்று விட்டால் முனைக்குள் குமிழ் ஏறும். முனையை ஆழமாக முக்கினால் வெளிப்பக்கம் ஒரு துளி ஒட்டிக்கொண்டு வரும். காய்ந்த முனையில் முதல்முறை உறிஞ்சினால் கொஞ்சம் குறையும். அதனால் ஒருமுறை உறிஞ்சி வெளியே தள்ளி நனைத்துக்கொள்ள வேண்டும். கவனமில்லாத கையில் எண்கள் 94, 101, 97 என்று பறக்கும்.

கை பழகிய பிறகு இப்படி வரும்: 99.1, 99.4, 98.9, 99.3, 99.2, 99.5, 99.0, 99.2, 99.3, 99.1. சராசரி 99.2. திட்ட விலக்கம் 0.2-க்குள். அழகான கை. ஆனால் 100 எங்கே? பத்து முறையும் 100-ஐத் தொடவே இல்லையே? இந்த இடத்தில் பிள்ளைகள் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். எண்கள் நெருக்கமாக நிற்பது ஒன்று. நிற்கவேண்டிய இடத்தில் நிற்பது வேறொன்று. பத்து முறை அல்ல, ஆயிரம் முறை நிறுத்துச் சராசரி எடுத்தாலும் இந்த 0.8 மில்லிகிராம் குறைவு அப்படியே இருக்கும். திரும்பச் செய்வதால் சிதறல் ஆறும், சாய்வு ஆறாது. அதன் காரணத்தை வேறெங்காவதுதான் தேட வேண்டும். இந்த உதாரணத்தில் பாதிக்கு மேற்பட்ட குற்றம் பைப்பெட்டுடையதே இல்லை. நம் ஊரில் 28 டிகிரி அறையில் தண்ணீர் விரிந்து லேசாகிவிடுகிறது. சுற்றியுள்ள காற்றும் அதைச் சற்றே தூக்கிப் பிடிக்கிறது. அதற்கு உண்டான திருத்தம் 1.0048. பெருக்கிப் பார்த்தால் 99.7 மைக்ரோலிட்டர். பைப்பெட் மீது பழிபோட்டு அதன் திருகைத் திருப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிதறலிலும் ஒரு மறைவான வகை உண்டு. அதைத் தெளிவாக எழுதி வைத்தவர் மருத்துவரும் அல்ல, பேராசிரியரும் அல்ல. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காஸெட். 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். 1908-இல் வந்த அவருடைய கட்டுரையிலிருந்து பிறந்ததுதான் கல்லூரியில் படிக்கும் டி-சோதனை. எனக்கு அதைவிடப் பிடித்தது 1927-இல், அன்றாடப் பகுப்பாய்வில் வரும் பிழைகளைப் பற்றி அவர் எழுதியது. ஒரே நாளில் அடுத்தடுத்துச் செய்த அளவீடுகள் ஒன்றோடொன்று நன்றாக ஒத்துப்போகும். வெவ்வேறு நாளில் செய்தவை அப்படி ஒத்துப்போகா. அன்றைய ரசாயனக் கரைசல், அன்றைய சூடு, அன்றைய ஆளின் மனநிலை எல்லாம் அன்றைய எண்கள் அத்தனையையும் சேர்த்தே ஒரு பக்கம் தள்ளிவிடும். ஆகவே காலையில் ஒரே சாம்பிளை மூன்று முறை ஓட்டி, 'மூன்றும் ஒத்துப்போகிறது, அதனால் சரி' என்று சொல்பவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். என் கணிப்பில், லேப்களில் நடக்கும் தவறான நம்பிக்கைகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து வருகிறது.

அப்படியென்றால் நாளுக்கு நாள் நடக்கும் ஆட்டத்தைக் கண்காணிப்பது எப்படி? தொழிற்சாலைக்காரர்கள் வழி காட்டினார்கள். அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூஹார்ட் 1924-இல் கட்டுப்பாட்டு வரைபடத்தை அறிமுகப்படுத்தினார். மருத்துவ லேப்கள் விழித்துக்கொள்ளக் கொஞ்சம் காலம் ஆயிற்று. 1947-இல் பெல்க், சண்டர்மன் என்ற இருவர் பென்சில்வேனியா மருத்துவமனை லேப்களுக்கு ஒரே மாதிரிக் கரைசல்களை அனுப்பிப் பார்த்தார்கள். திருப்தியான விடைகளைவிடத் திருப்தியில்லாத விடைகளே அதிகமாக வந்தன. மூன்று வருடம் கழித்து லெவி, ஜென்னிங்ஸ் இருவரும் ஷூஹார்ட்டின் வரைபடத்தை லேபுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் எந்த லேபிலும் சுவரிலோ கணினியிலோ எல்ஜே சார்ட் என்ற பெயரில் அது இருக்கும். நடுவே சராசரிக் கோடு. மேலும் கீழும் 1எஸ்டி, 2எஸ்டி, 3எஸ்டி கோடுகள். எஸ்டி என்றால் அதே திட்ட விலக்கம்தான். அளவு தெரிந்த கன்ட்ரோல் திரவத்தைத் தினமும் காலையில் நோயாளிகளின் சாம்பிளுக்கு முன்னால் ஓட்டி, வந்த எண்ணை ஒரு புள்ளியாக வைக்க வேண்டும்.

எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் இருபதில் ஒரு புள்ளி 2எஸ்டி கோட்டுக்கு வெளியே விழத்தான் செய்யும். அது கணக்கின் இயல்பு. ஒரு கருவியில் 20 பரிசோதனை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கன்ட்ரோல் என்றால் 100 காலைகளில் 80-க்கு மேற்பட்ட காலைகளில் ஏதாவது ஒரு புள்ளி வெளியே நிற்கும். அதைக் கண்டதும் பதறி, உள்ளே வரும்வரை மறுபடி மறுபடி ஓட்டுவது பரவலான கெட்ட பழக்கம். இருபதில் ஒன்று தற்செயலாக வெளியே விழும் என்றால், பழுதான கருவியிலும் ஒன்று தற்செயலாக உள்ளே விழும். அதைக் காத்திருந்து பிடித்துக்கொண்டு 'கன்ட்ரோல் பாஸ்' என்று எழுதுவதால் யாருக்கு என்ன பயன்? ஒரு புள்ளி 3எஸ்டியைத் தாண்டினாலோ, அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் ஒரே பக்கம் 2எஸ்டியைத் தாண்டினாலோ, பத்து நாள் தொடர்ந்து எல்லாப் புள்ளியும் கோட்டின் ஒரே பக்கம் நின்றாலோதான் நிறுத்தி ஆராய வேண்டும். இப்படி விதிகளைத் தொகுத்துக் கொடுத்தவர் வெஸ்ட்கார்ட், 1981-இல்.

இதற்கு நேர்மாறான நோய் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை ஒரு லேபைப் பார்வையிடப் போயிருந்தேன்; பெயர் வேண்டாம். எல்ஜே சார்ட் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மாதம் முழுக்கப் புள்ளிகள் சராசரிக் கோட்டை ஒட்டி, மேலே ஒன்று கீழே ஒன்று என்று கோலப் புள்ளிபோல ஒழுங்காக இருந்தன. 1எஸ்டிக்கு வெளியே ஒன்றுகூட இல்லை. நிஜமான கருவி என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு புள்ளி 1எஸ்டியைத் தாண்டியே தீரும். பேனா மையையும் பார்த்தேன்; முப்பது நாள் புள்ளியும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். மாதக் கடைசியில் ஒரே உட்காரலில் வைத்த புள்ளிகள். நான் கேட்டதும் அந்த டெக்னீஷியன் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சொன்னாள், புள்ளி வெளியே விழுந்தால் மேலாளர் திட்டுகிறார் என்று. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆட்டத்தைக் குற்றமாக நினைக்கும் இடத்தில் ஆட்டமில்லாத எண்கள்தான் விளையும்.

வெளியிலிருந்து வரும் சோதனையும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, இந்திய மருத்துவ உயிர்வேதியியலாளர் சங்கத்தோடு சேர்ந்து நடத்தும் தரச் சோதனைத் திட்டம் நம் நாட்டில் பலரும் அறிந்தது. உலர்த்திய சாம்பிள் தபாலில் வரும். கரைத்து ஓட்டி விடையை அனுப்பினால், அதே முறையைப் பயன்படுத்தும் மற்ற லேப்களுக்கு நடுவே நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தச் சாம்பிளை மட்டும் தலைமை டெக்னீஷியன் கையால், புதிய கரைசலில், மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுத்து, பக்கத்து லேபுக்கு ஃபோன் போட்டு 'உங்களுக்கு எவ்வளவு?' என்று கேட்டபின் அனுப்புகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். வேலூருக்குப் போவது அந்த லேபின் விடை இல்லை, நண்பர்களின் கூட்டு விடை.

இதுவரை பேசியதெல்லாம் ரத்தம் லேபுக்குள் வந்த பிறகு நடப்பது. அதற்கு முன்னாலேயே எண் ஓடத் தொடங்கிவிடுகிறது. குழாயில் எடுத்த ரத்தத்தில் உள்ள அணுக்களுக்கு உயிர் இருக்கிறது, பசிக்கிறது. சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குறையும். மே மாத வெயிலில் இன்னும் வேகம். சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைடு போட்டிருப்பது இதைத் தடுக்கத்தான். ஆனால் அதன் வேலை முழுதாகப் பிடிக்க ஒன்றிரண்டு மணி நேரமாகும். அதுவரை தின்பது தொடரும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் பைக்கில் ஊர் சுற்றி மதியம் லேபில் சேர்க்கும் தம்பியின் பையில் உங்கள் சர்க்கரை கொஞ்சம் கரைந்திருக்கும். வீட்டிலுள்ள குளுக்கோமீட்டரைப் பற்றிக் கேட்பீர்கள். 2013-ஆம் ஆண்டு சர்வதேசத் தரவிதியின்படி, 100-க்கு மேற்பட்ட அளவில் 95 விழுக்காடு விடைகள் 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். நிஜ அளவு 127 என்றால் மீட்டர் 108 முதல் 146 வரை எதைக் காட்டினாலும் விதிப்படி அது நல்ல மீட்டர்.

போதாததற்கு மனித உடம்பும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஆரோக்கியமான ஒருவருக்கே வெறும் வயிற்றுச் சர்க்கரை நாளுக்கு நாள் 5 விழுக்காடு அளவுக்கு ஆடும். சோடியம் ஒரு விழுக்காடுகூட ஆடாது. உடம்பு அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்ஹெச் 20 விழுக்காடு வரை ஆடும், இரவுக்கும் பகலுக்கும்கூட வேறுபடும்.

கல்யாண வீட்டு நண்பருக்கு இப்போது கணக்குப் போட்டுக் காட்டலாம். ஒவ்வொரு லேபின் ஆட்டமும் 3 விழுக்காடு என்று வைப்போம். கெட்ட லேப் இல்லை. இரண்டு ஆடும் எண்களை ஒப்பிடும்போது வித்தியாசம் இன்னும் கூடுதலாக ஆடும். ஆட்டத்தை 2.77-ஆல் பெருக்க வேண்டும்: 8.3 விழுக்காடு, ஏறக்குறைய 10 மில்லிகிராம். அவருடைய வித்தியாசம் 9. யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் 126 என்று ஒரு கோடு இருக்கிறதே, 118 என்றால் நீரிழிவு இல்லை, 127 என்றால் உண்டு என்றாகிவிடுகிறதே என்பார். அதனால்தான் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு விடையை வைத்து நீரிழிவு என்று முத்திரை குத்தக்கூடாது, இன்னொரு விடையும் அதையே சொல்ல வேண்டும் என்று மருத்துவ விதியே இருக்கிறது. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 7.2-இலிருந்து 7.0-க்கு இறங்கியதற்கு வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் லேபின் ஆட்டத்தையும் உடம்பின் ஆட்டத்தையும் கணக்கில் எடுத்தால், அரைப் புள்ளியாவது இறங்கினால்தான் உண்மையில் இறங்கியிருக்கிறது என்று நம்பலாம்.

உங்களால் செய்யக்கூடியது இருக்கிறது. தொடர்ந்து பார்க்கவேண்டிய அளவு என்றால் ஒரே லேபில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரிப் பட்டினியோடு கொடுங்கள். சாய்வு எதுவாக இருந்தாலும் இரண்டு முறையும் ஒரே பக்கம் இருக்கும். ரிப்போர்ட்டில் உங்கள் எண் இருக்கும், பக்கத்தில் இயல்பு வரம்பு இருக்கும்; இந்த எண் எவ்வளவு ஆடக்கூடியது என்பது இருக்காது. தர அங்கீகாரம் பெற்ற லேப் அதைக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் தரவும் வேண்டும் என்று மருத்துவ லேப்களுக்கான சர்வதேசத் தரவிதி ஐஎஸ்ஓ 15189 சொல்கிறது. நான் வேலை பார்த்த இத்தனை காலத்தில் அதைக் கேட்டு வந்த நோயாளிகள் மிகக் குறைவு. வந்தவர்களில் பெரும்பாலோர் லேத் பட்டறைக்காரர்கள்.